மேலே போகும் பந்தும் ‘எறிந்த விசை’யும்

கேள்வி இது: “பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள் பாடம் முடிந்துவிட்டது. மூன்று விதிகளையும் ஒரு சொல் பிசகாமல் எழுதுகிறார்கள், கணக்கும் போடுகிறார்கள். ஆனால் எறிந்த பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன் மீது என்ன விசை இருக்கிறது என்று கேட்டால், முக்கால்வாசி வகுப்பு ‘எறிந்த விசை’ என்கிறது. இரண்டாம் முறை நடத்தியும் அதே பதில். குறை எங்கே, என்ன செய்யலாம்?”

மூன்றாம் முறை நடத்தினாலும் அதே பதில்தான் வரும். நீங்கள் விதியைக் கொண்டுபோய் வைக்க நினைக்கிற இடம் காலியாக இல்லை. பந்து ஏன் போகிறது, ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது என்பதற்கு அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு முழு விளக்கம் இருக்கிறது. நகர்கிற எதையும் ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளிய கை விலகினாலும் தள்ளிய விசையில் கொஞ்சம் பொருளுக்குள் தங்கியிருக்கும். போகப் போக அது தீரும். தீர்ந்ததும் பொருள் நின்றுவிடும். ஆகாயத்தில் இருந்தால் கீழே விழும். கேட்டால் இப்படிக் கோவையாகச் சொல்லத் தெரியாது. ஆனால் பார்க்கிற ஒவ்வொன்றையும் இதை வைத்துத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்கிறது. தள்ளுவண்டியிலிருந்து கையை எடுத்தால் நிற்கிறது. உராய்வு நிறைந்த உலகத்தில் பதினைந்து வருடம், தினமும் பலமுறை, இந்த எண்ணம் சரியாகவே பலித்திருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஜான் ஃபிலோபொனஸ், எறிபவர் பொருளுக்குள் ஓர் உந்தும் ஆற்றலைப் பதித்து அனுப்புகிறார் என்று எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் புரிடான் என்ற தத்துவ அறிஞர் அதையே ‘இம்பீடஸ்’ என்ற பெயரில் வளர்த்தார். கலிலியோகூட, இளவயதில், சுமார் 1590-இல் எழுதிய குறிப்புகளில், மேலே எறிந்த பொருளுக்குள் பதிந்த விசை தானாகக் கரைந்துபோவதாகத்தான் விளக்கினார். உங்கள் வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளை சொல்வதும் அந்தப் பதில்தான்.

முதலில் ஒரு சோதனை. ஒரு கேள்விக்கு நாற்பது பேரில் இருபத்தைந்து பேர் தவறு செய்தால், அந்த இருபத்தைந்து விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு விதமாகச் சிதறியிருந்தால் அது பழக்கக் குறைவோ கவனக் குறைவோ. திரும்ப நடத்தினால் சரியாகும். எல்லாரும் ஒரே தவறில் போய்க் குவிந்திருந்தால், அங்கே ஓர் எண்ண வார்ப்பு, அதாவது எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிற ஒரே விளக்கம், வேலை செய்கிறது. கீழே சொல்லப்போகிற முறைகளுக்கு நேரம் அதிகம் ஆகும். அதனால் குவிகிற இடங்களுக்கு மட்டும் அந்த நேரத்தைச் செலவிடுங்கள். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய ஆண்டு போதாது.

பழைய வார்ப்பு புதிய விதியை எதிர்ப்பதில்லை என்பதுதான் சிக்கல். அது விதியைத் தன் மொழியில் வாசித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து விசை படாதவரை ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்கிறது நின்றுகொண்டே இருக்கும் என்ற முதல் விதியைப் படிக்கிற மாணவர், ‘உள்ளே விசை இருக்கிற வரைக்கும் ஓடும்’ என்று எடுத்துக்கொள்கிறார். நிலைமம் (பொருள் தன் நிலையைத் தானாக மாற்றிக்கொள்ளாத இயல்பு) என்று ஒரு புதுச் சொல் வந்ததும், உள்ளே தங்கிய விசைக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் அது என்று முடிவு செய்கிறார். பேருந்து திடீரென நின்றால் பயணி ஏன் முன்னால் சாய்கிறார் என்ற கேள்விக்கு எழுதப்படும் விடைத்தாள்களைப் பாருங்கள்: ‘நிலைம விசை அவரை முன்னால் தள்ளுகிறது’ என்று இருக்கும். அந்தச் சொற்றொடர் மூன்று விதிகள் எதிலும் இல்லை. பாடத்தைப் பழைய வார்ப்பு மொழிபெயர்த்ததில் பிறந்தது அது.

நம் மொழியும் இதற்குத் துணை போகிறது. பாடத்துக்கு வெளியே ‘விசையாக ஓடினான்’ என்றால் வேகமாக ஓடினான் என்று பொருள். வேகம், வலு, உந்தல் மூன்றும் அந்த ஒரே சொல்லில் கலந்து கிடக்கின்றன. வேகமாகப் போகிற பந்தில் ‘விசை இருக்கிறது’ என்று சொல்கிற பிள்ளை, தமிழில் பிழையே செய்யவில்லை. எனவே பாடத்தின் முதல் நாளே பலகையில் இரண்டு பத்தி போட்டு, வீட்டில் விசை என்றால் என்ன, இங்கே விசை என்றால் என்ன என்று எழுதிவிடுவது நல்லது. ஐந்து நிமிடம்தான் ஆகும்.

விரிவுரை மட்டும் இதை அசைக்காது என்பதற்கு அளந்த சான்று இருக்கிறது. 1992-இல் டேவிட் ஹெஸ்டனஸும் உடன்பணியாற்றியவர்களும் விசை பற்றிய ஒரு கருத்துச் சோதனையை வெளியிட்டார்கள். கணக்கே கிடையாது, அன்றாடச் சூழல்கள் மட்டும். தவறான விடைத் தெரிவுகள் எல்லாம் மாணவர்கள் உண்மையில் நினைக்கிற எண்ணங்கள். 1998-இல் ரிச்சர்ட் ஹேக் அமெரிக்காவில் இப்படிப்பட்ட சோதனைகளின் முடிவுகளை 62 வகுப்புகளிலிருந்து, 6,542 மாணவர்களுக்கு, திரட்டினார். பாடத்துக்கு முன் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கு பாடத்துக்குப் பின் சரியானது என்பதே அவருடைய அளவை. வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23. மாணவர்கள் முன்கூட்டியே ஊகித்து, பேசி, சரிபார்க்கிற வகுப்புகளில் 0.48. எடுத்துக்காட்டாக, பாடத்துக்கு முன் 100-க்கு 40 எடுத்த வகுப்பு, விரிவுரைக்குப் பின் 54-க்கு வரும்; மற்ற முறையில் 69-க்கு வரும். 69-உம் பெரிய வெற்றி அல்லதான். ஆனால் தொடங்கிய இடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

பாடம் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, பிள்ளைகளிடம் இருக்கிற விளக்கத்தை வெளியே எடுங்கள். வெள்ளைத்தாளில் மூன்று பந்து வரையச் சொல்லுங்கள்: மேலே போகும்போது ஒன்று, உச்சியில் ஒன்று, கீழே வரும்போது ஒன்று. மூன்றும் கையை விட்டுப் போன பிறகு உள்ள நிலை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஒவ்வொரு பந்தின் மீதும் உள்ள விசைகளை அம்புக்குறியாகப் போட்டு, பக்கத்தில் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், மதிப்பெண் கிடையாது. பெரும்பாலான தாள்களில் ஒரே படம் வரும்: போகும்போது மேலே பெரிய அம்பும் கீழே சின்ன அம்பும்; உச்சியில் இரண்டும் சமம், அல்லது ஒன்றுமே இல்லை; வரும்போது கீழே மட்டும். சரியான விடை மூன்று இடத்திலும் ஒரே அளவில் கீழ்நோக்கி ஓர் அம்பு. காற்றுத்தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால்.

இந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு பிழைகள் நேரலாம். ‘நியூட்டனின் முதல் விதிப்படி’ என்று கேள்வியைத் தொடங்கினால் மனப்பாடம் முன்னால் வந்து நிற்கும், எண்ணம் பின்னால் ஒளிந்துகொள்ளும். பாடச்சொல் எதுவும் கேள்வியில் இருக்கக் கூடாது. இரண்டாவது உங்கள் முகம். யாருடைய தாளைப் பார்த்துத் தலையசைத்தாலும் மற்றவர்கள் அழிப்பானை எடுத்துவிடுவார்கள். தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, எது சரி என்று சொல்லாமலே அன்றைய வகுப்பைத் தொடருங்கள்.

அடுத்து, பந்தை விட்டுவிட்டு மேசைக்குப் போங்கள். பந்துதான் கேள்வி என்றாலும், ‘விசை என்பது இரண்டு பொருளுக்கு நடுவில் நடப்பது’ என்ற எண்ணம் அமராமல் பந்தில் கைவைத்தால் வாக்குவாதம்தான் மிஞ்சும். மேசை மேல் ஒரு புத்தகம் இருக்கிறது. மேசை அதைத் தள்ளுகிறதா? ‘இல்லை, தாங்குகிறது’ என்பார்கள். தாங்குவது வேறு, தள்ளுவது வேறு என்பது அவர்களுடைய உறுதியான கணக்கு. உயிருள்ளது தள்ளும், சுருள்வில் தள்ளும். மரமும் கல்லும் சும்மா இருக்கும், வழியில் கிடந்து தடுக்கும்.

இதை உடைக்க ஜான் கிளெமென்ட் என்ற கல்வி ஆய்வாளர் வடிவமைத்த வழி ஒன்று உண்டு. இவ்வளவு எளிதாகவும் இவ்வளவு உறுதியாகவும் வேலை செய்கிற பாடத்திட்டம் குறைவு. பிள்ளைகள் ஏற்கெனவே சரியாக உணர்கிற ஓர் இடத்தில் தொடங்கி, அவர்கள் நம்பாத இடம் வரைக்கும் சின்னச் சின்னப் படியாகப் பாலம் போடுவது. முதல் படி, ஒரு சுருள்வில்லை ஒரு மாணவரிடம் கொடுத்து உள்ளங்கையால் அழுத்தச் சொல்வது. வில் கையைத் தள்ளுகிறதா? தள்ளுகிறது, யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாம் படி, மெத்தைக்குப் போடுகிற நுரைப்பஞ்சு, 5 செ.மீ. தடிமனில் ஒரு துண்டு. அதன் மேல் கனமான புத்தகம். பஞ்சு அமுங்குகிறது. தள்ளுகிறதா? இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும், ஐந்து நிமிடம் பேசட்டும். மூன்றாம் படி, 4 மி.மீ. பிளைவுட் துண்டு, ஒரு மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் செங்கல் கொடுத்து, நடுவில் இரண்டு மூன்று புத்தகம். பலகை வளைவது தெரியும். புத்தகத்தை எடுத்தால் நிமிரும். நான்காம் படி மேசை.

மேசை வளையாது என்று சாதிப்பார்கள். அங்கே ஒரு சிறிய கண்ணாடித்துண்டும் லேசர் பேனாவும் வேண்டும். கண்ணாடியை மேசை மேல் படுக்க வைத்து, வேறொரு மேசையில் அசையாமல் பொருத்திய லேசரைச் சாய்வாக அதன் மேல் விழச் செய்யுங்கள். ஒளிப்புள்ளி ஐந்தாறு மீட்டர் தள்ளியிருக்கிற சுவரில் விழ வேண்டும். ஒரு மாணவர் மேசை நடுவில் இரு கையையும் ஊன்றி அழுத்தினால் புள்ளி நகரும். கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ அதைப்போல இருமடங்கு ஒளிக்கற்றை திரும்புவதாலும், சுவர் தூரத்தில் இருப்பதாலும் கண்ணுக்குத் தெரியாத வளைவு சுவரில் தெரிகிறது. இது வேலை செய்யாமல் போனால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கண்ணாடியைச் சரியாக நடுவில் வைத்திருப்பார்கள். மேசை நடுவில் அழுந்தும்போது நடுப்புள்ளி கீழே இறங்குமே தவிரச் சாயாது. காலுக்கும் நடுவுக்கும் பாதி வழியில் வைத்தால்தான் சாய்வு கிடைக்கும். சிமெண்ட் மேடையில் முயலாதீர்கள், மரமேசை வேண்டும். லேசர் புள்ளி யார் கண் மட்டத்திலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புள்ளி நகர்கிற கணத்தில் வகுப்பில் ஏற்படுகிற அமைதி மதிப்புமிக்கது. உடனே விளக்கம் சொல்லி அதைக் கெடுத்துவிட வேண்டாம். ‘அப்போ தரையும் வளையுதா சார்?’ என்று யாராவது கேட்கும் வரை காத்திருங்கள்.

இனி பந்து. இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு: எந்த விசையைச் சொன்னாலும் யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பூமி, பந்தின் மீது. மேசை, புத்தகத்தின் மீது. கொடுப்பவரைக் காட்ட முடியாத விசையைப் படத்தில் வரையக் கூடாது. கை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை ‘கை, பந்தின் மீது’ உண்டு. விட்டபிறகு யார் கொடுக்கிறார்? ‘கை கொடுத்தது உள்ளே இருக்கு’ என்ற பதில் வரும்.

பல ஆசிரியர்கள் இந்த இடத்தில் ‘உள்ளே ஒன்றும் இல்லை’ என்று மறுத்துவிடுகிறார்கள். அது வழி தவறும் இடம். ஓடுகிற பந்தில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கை கொடுத்ததுதான், குறையவும் செய்கிறது. பிள்ளை கவனித்தது முழுவதும் சரி, பெயர் மட்டும் தவறு. அதற்குப் பெயர் உந்தம்: நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அவருடைய எண்ணத்தைப் பிடுங்கி எறியாமல் பெயரை மாற்றி வைக்கிறீர்கள். அதனால் எதிர்ப்பும் குறைகிறது.

உடனே எண்ணைக் காட்டுங்கள். 100 கிராம் பந்து, கையை விடும்போது விநாடிக்கு 5 மீட்டர் வேகம். உந்தம் 0.1 × 5 = 0.5. பூமி அதை இழுக்கிற விசை, 10-ஐ ஈர்ப்பு முடுக்கமாக எடுத்துக்கொண்டால், 1 நியூட்டன். ஒவ்வொரு 0.1 விநாடியிலும் உந்தம் 0.1 குறையும்: 0.5, 0.4, 0.3, 0.2, 0.1, சுழி, பிறகு கீழ்நோக்கி 0.1, 0.2 என்று ஏறும். அரை விநாடியில் பந்து 1.25 மீட்டர் உயரத்தில் உச்சியைத் தொடும். பலகையில் இரண்டு வரிசை எழுதுங்கள். மேல்வரிசையில் உந்தம் மாறிக்கொண்டே இருக்கும். கீழ்வரிசையில் விசை 1, 1, 1, 1, 1, 1 என்று அப்படியே நிற்கும். பிள்ளைகள் முதல்நாள் வரைந்த அம்புகளை இப்போது திருப்பிக் கொடுங்கள். அவர்கள் மேல்நோக்கி வரைந்த குறைந்துகொண்டே போகும் அம்பு, மேல்வரிசை எண்களோடு கச்சிதமாகப் பொருந்துவதை அவர்களே காண்பார்கள். வரைந்தது உந்தத்தின் படம்.

உச்சிப்புள்ளி மட்டும் கடைசி வரை பிடிவாதம் பிடிக்கும். ‘அங்கே நின்றுவிட்டதே, அப்போது விசை சுழிதானே?’ இதற்கு முதல் விதியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நின்றுகொண்டிருக்கிற ஒரு பொருளின் மீது விசையே இல்லையென்றால் என்ன ஆகும்? நின்றுகொண்டே இருக்கும். அப்படியானால் பந்து உச்சியில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மனப்பாடமாக இருந்த விதி முதல்முறையாக அவர்களுக்குக் கருவியாகப் பயன்படுவது இந்த இடத்தில்தான். விடையை நீங்கள் சொல்லிவிட்டால் அது கிடைக்காது.

உராய்வைப் பிரித்துக் காட்டக் கேரம் பலகை போதும். ஒரு மரச்சட்டத்தில் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணி, நடுவில் ரப்பர் பேண்ட். ஸ்ட்ரைக்கரை வைத்து 4 செ.மீ. பின்னால் இழுத்து விடுங்கள். பவுடர் இல்லாமல் ஒரு தடவை, கொஞ்சம் போட்டு ஒரு தடவை, தாராளமாகப் போட்டு ஒரு தடவை. இழுப்பு ஒன்றுதான், ஆனால் உராய்வு குறையக் குறைய ஸ்ட்ரைக்கர் அதிக தூரம் ஓடும். விரலால் சுண்டிவிடாதீர்கள். சுண்டினால் ‘மூன்றாவது தடவை வேகமாகச் சுண்டினீங்க’ என்று பழைய விளக்கம் தப்பித்துப்போகும். இழுப்பு அளந்து, ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்படியும் சிலர் ‘பவுடர் வேகம் கொடுக்குது’ என்பார்கள். பவுடர் மட்டும் கொட்டி, ஸ்ட்ரைக்கரைச் சும்மா வைத்து, வேகம் கொடுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்பு பெரியதாக இருந்தால், ஹார்வர்டின் எரிக் மசூர் 1991 முதல் தன் இயற்பியல் வகுப்புகளில் கடைப்பிடித்த ஒழுங்கு கைகொடுக்கும். கேள்வி போடுங்கள், ஒரு நிமிடம் யாரோடும் பேசாமல் யோசிக்கட்டும், பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் விடையைக் காட்டட்டும். கருவி வேண்டாம், நெஞ்சோடு ஒட்டிக் காட்டிய விரல்கள் போதும். பக்கத்து ஆளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சரியான விடை ஏறத்தாழ 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு விடை காட்டிய பக்கத்து ஆளிடம் இரண்டு மூன்று நிமிடம் வாதாட விடுங்கள், திரும்ப விரல் காட்டச் சொல்லுங்கள். 30-க்குக் கீழே என்றால் வாதாட விடக் கூடாது. தவறான எண்ணமே பெரும்பான்மையாகி வெல்லும். அப்போது பாலத்தின் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள்.

‘ஒரு சோதனையில் தவறு என்று காட்டிவிட்டால் போதாதா, இத்தனை படி எதற்கு?’ என்று கேட்கலாம். போதாது. மனம் முரண்பாட்டைப் பார்த்துப் பழையதைக் கைவிடுவதைவிட, முரண்பாட்டையும் உள்ளே இழுத்துக்கொள்கிற புது ஒட்டு ஒன்றைப் போடுவதுதான் அதிகம். பூமியின் வடிவம் பற்றி வோஸ்னியாடு, புரூவர் இருவரும் அமெரிக்காவின் இல்லினாயில் 60 பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 1992-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பூமி உருண்டை என்று பல குழந்தைகள் சொன்னார்கள். விரிவாகக் கேட்டபோது, சிலருடைய உருண்டைக்கு உள்ளே ஒரு தட்டைத் தரை இருந்தது. அதன் மேல் மனிதர்கள் நின்றார்கள். சிலருக்கு இரண்டு பூமி: நாம் நிற்கிற தட்டை ஒன்று, ஆகாயத்தில் இருக்கிற உருண்டை ஒன்று. தரை தட்டை, பிடிமானம் இல்லாதது கீழே விழும் என்ற இரண்டு பழைய உறுதிகளையும் விடாமல் ஆசிரியர் சொன்னதையும் ஏற்றுக்கொண்டதன் விளைவு இது. ‘உருண்டை’ என்ற சரியான சொல்லை மட்டும் கேட்டு மதிப்பெண் போட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்தே இருக்காது.

பெரியவர்களுக்கும், அறிவியலாளர்களுக்கும் இதே கதைதான். வான் ஹெல்மாண்ட் என்ற வேதியியல் ஆய்வாளர், தான் இறந்தபின் 1648-இல் வெளியான நூலில், ஒரு சோதனையை விவரிக்கிறார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ மரக்கன்று. ஐந்து வருடம் தண்ணீர் மட்டும். மரம் 169 பவுண்டும் சில அவுன்ஸும் ஆனது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற எண்ணம் அங்கே உடைந்தது. ஆனால் அவர் வந்த முடிவு, மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்பது. வாயுவைக் குறிக்கும் ‘காஸ்’ (gas) என்ற சொல்லையே உருவாக்கியவர் அவர். 62 பவுண்டு கரியை எரித்து 1 பவுண்டு சாம்பல் மிஞ்சியதையும், மீதி வாயுவாகப் போனதையும் அறிந்தவர். அந்த வாயு மரத்துக்குள் போயிருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்ற பழைய வார்ப்பு அந்தக் கதவை மூடியே வைத்திருந்தது. உங்கள் மாணவரிடம் பொறுமை இழக்கிற நேரத்தில் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மின்சுற்றுப் பாடத்திலும் இதே குவிதல் வரும். ‘கரண்ட் செலவாகுது’ என்று பேசிப் பழகியதால், முதல் பல்பு கொஞ்சம் கரண்டைத் தின்றுவிடும், இரண்டாவதற்கு மிச்சம்தான் போகும் என்று நினைப்பார்கள். 1.5 வோல்ட் செல் மூன்று, 2.5 வோல்ட் டார்ச் பல்பு இரண்டு, தொடராக இணைத்துக் காட்டுங்கள். ஆனால் ஓர் ஆபத்து: கடையில் ஒன்றுபோல வாங்கிய இரண்டு பல்பும் ஒன்றுபோல எரியாது. தற்செயலாக முதல் பல்பு பிரகாசமாக இருந்தால், வகுப்பு முழுவதும் தன் தவறான எண்ணத்தை நிரூபித்துவிட்ட மகிழ்ச்சியில் இருக்கும். எனவே பல்புகளை இடம் மாற்றியும், செல்லைத் திருப்பியும் காட்ட வேண்டும். பிரகாசம் இடத்தோடு போகாமல் பல்போடு போவது தெரியும். சுற்றில் மூன்று இடத்தில் அம்மீட்டர் வைத்து ஒரே அளவு வருவதைக் காட்டுங்கள். செலவாவது ஆற்றல். சைக்கிள் சங்கிலியை உவமை சொல்லலாம்: சங்கிலி தேயாமல் முழுதாகத் திரும்பி வருகிறது, ஆனாலும் சக்கரத்துக்கு வேலை போய்ச் சேர்கிறது. பக்க இணைப்புக்கு இந்த உவமை உதவாது, அங்கே விட்டுவிடுங்கள்.

ஐந்தாம், ஆறாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒன்று. 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்றால் 35-தான் 4-ஐவிடப் பெரியது என்ற வார்ப்பு 0.35 என்று சொல்ல வைக்கும். சரியாக 0.4 என்று சொன்னவரையும் உடனே நம்பிவிட வேண்டாம். ‘நீளமாக இருந்தால் சின்னது’ என்ற எதிர்த் தவறும் உண்டு. அது இங்கே தற்செயலாகச் சரியான விடையைத் தரும். 0.3, 0.426 என்று இன்னொரு இணை கொடுத்தால்தான் அவர் பிடிபடுவார். கடைசியில் சுழி சேர்த்து 0.40 என்று ஆக்கச் சொல்லிக்கொடுப்பது விடையைச் சரிசெய்யும், எண்ணத்தைச் சரிசெய்யாது; பிள்ளை இன்னமும் 40-ஐயும் 35-ஐயும்தான் ஒப்பிடுகிறது. ஒரு மீட்டர் காகிதப் பட்டையைப் பத்தாக வெட்டி, அதில் ஒன்றை மறுபடி பத்தாக வெட்டி, 0.35-ஐ மூன்று பெரிய துண்டும் ஐந்து சின்னத் துண்டுமாக அடுக்க வையுங்கள். ‘மூன்று புள்ளி பதினான்கு’ என்று வாசிப்பதை முதல் நாளே நிறுத்துங்கள். ‘மூன்று புள்ளி ஒன்று நான்கு’. கிரிக்கெட் ஓவரைத் தசமத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லவே வேண்டாம். 19.5 ஓவருக்கு அடுத்த பந்தோடு 20 முடிந்துவிடும். அங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது பந்துகளின் எண்ணிக்கை, பத்தில் ஒரு பங்கு இல்லை.

இன்னொரு கண்ணி ஆசிரியருடைய பக்கத்தில் இருக்கிறது. 1981-இல் மிஷெலின் சீயும் உடன்பணியாற்றியவர்களும், இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதியவர்கள் சாய்தளம், சுருள்வில் என்று வெளித்தோற்றத்தால் பிரித்தார்கள். வல்லுநர்கள் ஆற்றல் மாறா விதி போன்ற அடிப்படைத் தத்துவத்தால் பிரித்தார்கள். பேருந்து, பந்து, கேரம் மூன்றும் உங்கள் கண்ணுக்கு ஒரே பாடம். மாணவர் கண்ணுக்கு மூன்று வேறு சங்கதி. ஒன்றில் திருந்தியவர் அடுத்ததில் பழைய பதிலையே சொல்வது இதனால்தான். மூன்றையும் ஒரே பக்கத்தில் வரைந்து, மூன்றிலும் கொடுப்பவர், வாங்குபவர் யார் என்று நிரப்ப வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய வார்ப்பு அழிந்துபோகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2012-இல் ஷ்டுல்மன், வால்கார்சல் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் அறிவியல் வாக்கியங்களைக் காட்டி, சரியா தவறா என்று விரைவாகச் சொல்லச் சொன்னார்கள். சிறுவயது எண்ணத்தோடு முரண்படுகிற வாக்கியங்களுக்கு, விடை தெரிந்தவர்களுக்கும் கூடுதல் நேரம் பிடித்தது, தவறும் அதிகம் வந்தது. பழையது உள்ளேயே இருக்கிறது. படித்தவர் ஒவ்வொரு முறையும் அதை அடக்கிவிட்டுத்தான் பேசுகிறார். ஆகவே பந்துக் கேள்வியை ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும், வேறு வேடத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள்: கிணற்றிலிருந்து மேலே எறிந்த கல், கால்பந்து, தாயக்கட்டை. ஐந்து நிமிடம் போதும். ‘முதல்ல மேல்நோக்கி ஒரு அம்பு போடத் தோணுது, ஆனா கொடுக்கிற ஆள் இல்லையே’ என்று ஒரு மாணவர் சொல்வாரானால், உடனே சரியாக வரைந்தவரைவிட அவர் கற்றது உறுதியானது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நேரக் கணக்கு: முன்சோதனை பத்து நிமிடம், மேசைப் பாலம் ஒரு முழுப் பாடவேளை, பந்தும் கேரமும் இன்னொன்று. மூன்றாம் விதியில் லாரியும் ஸ்கூட்டரும் மோதுகிற கேள்விக்கு அரைப் பாடவேளை தனியாக வையுங்கள். ‘பெரியது அதிகம் அடிக்கும்’ என்ற வார்ப்பு இதைவிடவும் கெட்டி. விசை இரண்டின் மீதும் சமம், நிறை குறைந்ததன் வேகம்தான் அதிகம் மாறுகிறது. விசை சமம் என்பதை, ஒரே மாதிரியான இரண்டு சுருள்வில் தராசுகளை எதிரெதிராகக் கோத்து, பலசாலியும் சிறுவனும் இழுத்துக் காட்டலாம். இரண்டிலும் முள் ஒரே இடத்தில் நிற்கும். தொடங்கும் முன் இரண்டு முள்ளும் சுழியில் நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் மதிப்பெண் போய்விடுமோ என்ற கவலையும் வேண்டாம். பேருந்துக் கேள்விக்கு ‘நிலைமத்தின் காரணமாகப் பயணியின் உடல் தன் இயக்கத்தைத் தொடர்கிறது, பேருந்து மட்டும் வேகம் குறைந்தது’ என்று எழுதப் பழக்குங்கள். ‘நிலைம விசை தள்ளியது’ என்று விடைத்தாளில் கண்டால், மதிப்பெண்ணைக் குறைப்பதோடு விடாமல், ஓரத்தில் ‘கொடுத்தது யார்?’ என்று இரண்டு சொல் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.